ஒரே பெயர், வேறு வேறு வேலை: அவுட்சைட் லைன்பேக்கர்களை ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

2020-ல் அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில் ஆடும் பால்டிமோர் ரேவன்ஸ் அணி, தன் வீரர் மேத்யூ ஜூடான் வேறு அணிக்குப் போய்விடாதபடி அவருக்கு ‘பிரான்சைஸ் டேக்’ போட்டது. இது ஓராண்டு ஒப்பந்தம். இதில் பேரம் பேச இடமில்லை. வீரர் ஆடும் இடத்துக்கு அந்த ஆண்டு என்ன தொகையோ, அதுதான் சம்பளம். லைன்பேக்கர் என்றால் 1 கோடியே 58 லட்சத்து 28 ஆயிரம் டாலர். டிஃபென்சிவ் எண்ட் என்றால் 1 கோடியே 77 லட்சத்து 88 ஆயிரம். ஜூடான் இதில் யார்? அணிப் பட்டியலில் அவுட்சைட் லைன்பேக்கர். ஆனால் அவருடைய முக்கிய வேலை குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிப்பது, அதாவது டிஃபென்சிவ் எண்ட் செய்கிற வேலை. கடைசியில் இரண்டு தொகைக்கும் சரிபாதியாக, 1 கோடியே 68 லட்சத்து 8 ஆயிரம் டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள்.

சம்பளம் கொடுக்கிறவர்களுக்கே இவர் எந்த ரகம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்கு எழுந்து என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பார்க்கிற நமக்கு மட்டும் எப்படித் தெரியும்? நானும் ரொம்ப நாள் சாக் (பந்தை எறியுமுன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு, ‘இவர் பெரிய ஆள், அவர் சுமார்’ என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. அவுட்சைட் லைன்பேக்கர் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒருவர் எந்த வேலையைச் செய்கிறார் என்று தெரியாமல் அவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். நான்கு டவுன், 10 யார்டு, குவாட்டர்பேக், ரன்னிங் பேக் என்ற அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: தரையில் கை ஊன்றியவர்களை எண்ணுங்கள்

ஸ்னாப்புக்கு, அதாவது பந்தை ஆட்டத்துக்குள் விடுவதற்கு முன்னால், பந்துக்கு எதிரே ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் எத்தனை பேர்? நான்கு பேர் என்றால் பெரும்பாலும் 4-3. முன்வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள். மூன்று பேர்தான் என்றால் 3-4. இங்கே லைன்பேக்கர்கள் நால்வர்.

3-4-ல் அவுட்சைட் லைன்பேக்கர் இருவரும் கோட்டின் இரண்டு ஓரங்களிலும், கிட்டத்தட்ட முன்வரிசையிலேயே, நிமிர்ந்து நிற்பார்கள். கை தரையில் இருக்காது. 4-3-ல் அவர்கள் கோட்டிலிருந்து நாலைந்து யார்டு பின்னால் நிற்பது வழக்கம். இந்த நாலைந்து யார்டுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. கோட்டின் ஓரத்தில் நிற்பவருக்கு எதிரே, குவாட்டர்பேக்கைக் காக்கும் 140 கிலோ எடையுள்ள டேக்கிள் நிற்பார். பின்னால் நிற்பவருக்கு எதிரே யாரும் இல்லை. ஆனால் அவர் காக்க வேண்டிய பரப்பு பெரிது.

இந்த 3-4 எதற்காக வந்தது? வழக்கமாகக் குவாட்டர்பேக்கை நோக்கி நான்கு பேர் பாய்வார்கள். 4-3-ல் அந்த நால்வர் யார் என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும். கை ஊன்றியிருக்கும் நால்வர்தான். 3-4-ல் மூன்று பேர் உறுதி, நான்காவது ஆள் யார் என்பது ஸ்னாப் ஆகும்வரை தெரியாது. இடது ஓரத்தவரா, வலது ஓரத்தவரா, உள்ளே இருக்கும் இருவரில் ஒருவரா? இந்தச் சந்தேகம்தான் 3-4-ன் முதலீடு. 1970-களில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் சக் ஃபேர்பேங்க்ஸ் போன்றவர்கள் கல்லூரி ஆட்டத்திலிருந்து இதை என்எஃப்எல்லுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதை உச்சிக்குக் கொண்டுபோனவர் லாரன்ஸ் டெய்லர். 1981-ல் புதிய வீரர்களுக்கான தேர்வில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அதுவரை ஓரத்திலிருந்து பாயும் லைன்பேக்கரை ரன்னிங் பேக் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பல அணிகளின் கணக்கு. டெய்லரிடம் அந்தக் கணக்கு எடுபடவில்லை. அந்த சீசனின் பிளேஆஃப் ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ், ஜான் அயர்ஸ் என்ற கார்டையே (டேக்கிளுக்கு உட்பக்கம் நிற்கும் தடுப்பாளர்) டெய்லரைத் தடுக்க ஒதுக்கினார். ஒரு லைன்பேக்கருக்காக எதிரணி தன் முன்வரிசைத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. 1986-ல் 20.5 சாக் எடுத்து, தடுப்பாட்டக்காரருக்கு அபூர்வமாகவே கிடைக்கும் என்எஃப்எல் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) விருதையும் வாங்கினார்.

இரண்டாம் படி: டைட் எண்ட் எந்தப் பக்கம்?

இது 4-3-க்கு மிகவும் முக்கியம். டைட் எண்ட் என்பவர் முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் செய்வார், பந்தும் பிடிப்பார். அவர் நிற்கும் பக்கம் பலமான பக்கம், மற்றது பலவீனமான பக்கம். பலமான பக்கத்து லைன்பேக்கரை ‘சாம்’ என்பார்கள், நடுவில் நிற்பவர் ‘மைக்’, பலவீனப் பக்கத்தவர் ‘வில்’. ஸ்ட்ராங், மிடில், வீக் என்ற சொற்களின் முதல் எழுத்துக்கு ஏற்ற ஆள் பெயர்கள், அவ்வளவுதான்.

சாமும் வில்லும் இரண்டு பேருமே அவுட்சைட் லைன்பேக்கர்கள். ஆனால் இருவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. சாமுக்கு எதிரே டைட் எண்ட் இருக்கிறார். ஆட்டத்துக்கு ஆட்டம் அவரோடு மல்லுக்கட்ட வேண்டும், ஓட்டம் அவர் பக்கமாக வந்தால் முட்டுக்கொடுக்க வேண்டும். கையில் பலம் வேண்டும், உடம்பில் கனம் வேண்டும். வில்லுக்கு எதிரே தடுக்க ஆள் குறைவு. அவர் திறந்த வெளியில் ஓடிப்போய்ப் பிடிக்கிறவர், பாஸ் வந்தால் பின்வாங்கி மறிக்கிறவர். கனத்தைவிட வேகம் முக்கியம். வேகத்தைவிட முதல் விநாடியில் ஆட்டத்தைப் படிக்கும் கண் முக்கியம்.

வில் என்றால் என் மனதில் முதலில் வருபவர் டாம்பா பே புக்கனீயர்ஸின் டெரிக் புரூக்ஸ். ஆறடி உயரம், 235 பவுண்டு, அதாவது சுமார் 107 கிலோ. 1995-லிருந்து 2008 வரை 14 சீசன், 224 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பயிற்சியாளர்கள் டோனி டஞ்சியும் மான்டி கிஃபினும் டாம்பாவில் அமைத்த தடுப்பு முறையில், முன்வரிசையில் வாரன் சேப் இரண்டு பேரைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்வார். அதனால் புரூக்ஸை நோக்கி வரவேண்டிய எதிரணித் தடுப்பாளர் வரமுடியாது. புரூக்ஸ் தடையில்லாமல் பந்தை நோக்கி ஓடுவார். ஒரு வில்லை மதிப்பிடும்போது அவருக்கு முன்னால் நிற்பது யார் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். நல்ல முன்வரிசை இல்லாத அணியில் அதே வில் பாதி ஆட்டத்தில் யாரோ ஒரு கார்டின் நெஞ்சில் முட்டிக்கொண்டு கிடப்பார்.

2003 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் குவாட்டர்பேக் ரிச் கேனன் வீசிய பந்தைப் பிடித்து 44 யார்டு ஓடி டச்டவுன் போட்டார் புரூக்ஸ். டாம்பா 48-21 என்று வென்றது.

மூன்றாம் படி: ஸ்னாப்புக்குப் பிறகு முதல் இரண்டு அடி

இந்த ஒரு படியை மட்டும் கற்றுக்கொண்டாலும் போதும் என்பேன். பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், கேமராவும் பந்தின் பின்னால்தான் போகும். ஆனாலும் ஸ்னாப் ஆனதும் முதல் விநாடிக்கு உங்கள் கண் ஒரே ஒரு அவுட்சைட் லைன்பேக்கரின் காலில் இருக்கட்டும்.

இரண்டு அடியும் முன்னோக்கி, டேக்கிளின் வெளித்தோளை நோக்கிப் போனால் அவர் குவாட்டர்பேக்கைப் பிடிக்கப் போகிறார். பின்னோக்கிச் சாய்வாகப் போனால் ஏதோ ஒரு பகுதியைக் காக்கப் போகிறார். ஓரக்கோட்டை நோக்கிய பகுதி என்றால் ‘ஃபிளாட்’, நடுவை நோக்கியது என்றால் ‘ஹூக்’. டைட் எண்டோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினால் ஆளுக்கு ஆள் காவல். இரண்டு அடி எடுத்து, கையை நீட்டி டைட் எண்டின் நெஞ்சில் வைத்து அப்படியே நின்றுவிட்டால் ஓட்டத்தைத் தடுக்கிறார்.

ஒரு ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாவது டவுன், இன்னும் 4 யார்டு தேவை. டைட் எண்ட் வலப்பக்கம். அந்தப் பக்கத்து 3-4 அவுட்சைட் லைன்பேக்கர் ஸ்னாப் ஆனதும் ஒரு அடி முன்னால் வைக்கிறார். அதைப் பார்த்த டேக்கிள் அவரைத் தடுக்கத் தயாராகப் பின்னால் நகர்கிறார். அதற்குள் லைன்பேக்கர் இடுப்பைத் திருப்பி ஃபிளாட்டுக்கு ஓடிவிட்டார். டேக்கிள் காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து உள் லைன்பேக்கர் ஒருவர் பாய்ந்துவிட்டார். குவாட்டர்பேக் அவசரத்தில் ஃபிளாட்டைப் பார்த்தால் அங்கே ஆள் இருக்கிறது. பந்தை வெளியே எறிகிறார். புள்ளிவிவரத்தில் நம் லைன்பேக்கர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஆட்டத்தைக் கெடுத்ததே அவருடைய அந்த ஒரு அடிதான்.

இப்படி ஒருவர் பின்வாங்க இன்னொருவர் பாய்வதுதான் ‘ஜோன் பிளிட்ஸ்’. இதைப் பிரபலமாக்கியவர் தடுப்பாட்டப் பயிற்சியாளர் டிக் லபோ, முதலில் சின்சினாட்டியில், பிறகு பிட்ஸ்பர்க்கில். அவர் பிட்ஸ்பர்க்கில் இருந்தபோதுதான் அவுட்சைட் லைன்பேக்கர்களின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் நடந்தது.

2009 பிப்ரவரி 1, டாம்பா. அரிசோனா கார்டினல்ஸுக்கு எதிரான சூப்பர் பவுல். முதல் பாதி முடிய 18 விநாடி. 10-7 என்று முன்னிலையில் இருக்கும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் கோட்டுக்கு ஒரே யார்டில் அரிசோனா நிற்கிறது. ஸ்டீலர்ஸின் ஓரத்தில் ஜேம்ஸ் ஹாரிசன். அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். கல்லூரியிலிருந்து வந்தபோது எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஆள். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை பாய்வது. அவர் பாய்வதுபோல் காட்டிவிட்டு, சொந்த யோசனையில் பின்வாங்கி, உள்ளே வெட்டி வரும் பாதையில் போய் நின்றார். அரிசோனா குவாட்டர்பேக் கர்ட் வார்னர், ஹாரிசன் அங்கே இருப்பார் என்று எதிர்பார்க்கவே இல்லை. பந்து நேராக ஹாரிசனின் கைக்கு வந்தது. பிடித்தவர் 100 யார்டு ஓடி, எதிர்ப்பக்க எல்லைக்குள் விழுந்து, எழ முடியாமல் அப்படியே கிடந்தார். 10-14 என்று பின்தங்க வேண்டியது, 17-7 ஆனது. கடைசியில் ஸ்டீலர்ஸ் 27-23 என்றுதான் வென்றது.

இதைச் சாகசம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஹாரிசன் பாயத் தெரிந்தவர் என்ற பயம் இல்லாவிட்டால் வார்னர் அந்த இடத்துக்கு எறிந்திருக்க மாட்டார். பாய்ச்சலும் பின்வாங்கலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

நான்காம் படி: ஓட்டம் வரும்போது யார் வெளிப்பக்கம்?

இது தொலைக்காட்சியில் யாரும் சொல்லாத விஷயம். அவுட்சைட் லைன்பேக்கரின் தினசரிக் கூலி வேலை இதுதான்: ‘எட்ஜ்’ அமைப்பது. பந்தோடு வருபவரை ஓரத்தைச் சுற்றிப் போகவிடாமல், உள்ளே கூட்டத்துக்குள் திருப்பிவிட வேண்டும். இதற்குத் தன் வெளிப்பக்கக் கையைச் சுதந்திரமாக வைத்திருக்க வேண்டும். தடுப்பவரோடு உள்பக்கத் தோளால் மோத வேண்டும், வெளித்தோளைக் கொடுக்கவே கூடாது. அப்படிக் கொடுத்தால் ரன்னிங் பேக் ஓரமாக வெளியேறிவிடுவார்.

இதை நன்றாகச் செய்தால் அவருக்கு டேக்கிள் (இங்கே, பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) கணக்கு வராது. உள்ளே திருப்பிவிடப்பட்டவரை மைக் பிடிப்பார், பெயர் மைக்குக்குப் போகும். ஆகவே டேக்கிள் எண்ணிக்கை குறைவாக இருப்பதை வைத்து ஒரு ஓர ஆட்டக்காரரைக் குறை சொல்லாதீர்கள். அவர் பக்கமாக எத்தனை ஓட்டங்கள் வெளியே போயின என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: இப்போது எண்களுக்கு வாருங்கள்

இதுவரை எண்களைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வேலை என்னவென்று தெரிந்த பிறகுதான் எண் பேசும். பாருங்கள்: டெரிக் புரூக்ஸ் 14 சீசனில் எடுத்த சாக் மொத்தம் 13.5. டல்லாஸின் டிமார்கஸ் வேர் 2008 என்ற ஒரே சீசனில் எடுத்தது 20. இருவரும் அவுட்சைட் லைன்பேக்கர்கள், இருவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். சாக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் புரூக்ஸ் பெஞ்சில் உட்கார வேண்டியவர். ஆனால் அவர் பிடித்த இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தது, 25. அதுதான் அவருடைய வேலையின் எண்.

பழைய ஆட்களை ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கை: சாக் என்பது 1982-லிருந்துதான் அதிகாரபூர்வக் கணக்கு. அதனால் லாரன்ஸ் டெய்லரின் 132.5 சாக்கில் அவருடைய முதல் சீசன் சேரவே இல்லை.

சாக் என்பதே கொஞ்சம் ஏமாற்றும் எண். 1990 நவம்பர் 11, கேன்சஸ் சிட்டி. சீஃப்ஸின் டெரிக் தாமஸ், சியாட்டில் குவாட்டர்பேக் டேவ் கிரீகை ஒரே ஆட்டத்தில் ஏழு முறை வீழ்த்தினார். ஆட்டத்தின் கடைசிப் பந்தில் எட்டாவது சாக்கும் கிட்டத்தட்ட கைக்குள் வந்துவிட்டது. ஆனால் கிரீக் அந்தப் பிடியிலிருந்து நழுவி, 25 யார்டு தள்ளி இருந்த பால் ஸ்கான்சிக்கு எறிந்தார். டச்டவுன். சியாட்டில் 17-16 என்று வென்றது. ஒரு ஆட்டத்தில் ஏழு சாக் என்ற சாதனையும் அந்தத் தோல்வியும் ஒரே மாலையில் நடந்தவை.

எனவே பாய்பவரை மதிப்பிடும்போது சாக்கோடு, குவாட்டர்பேக்கை எத்தனை முறை அவசரப்படுத்தினார், பந்தை எத்தனை முறை கையிலிருந்து தட்டிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் நடந்த 50-வது சூப்பர் பவுலில் டென்வரின் வான் மில்லர் எடுத்த சாக் 2.5தான். ஆனால் கரோலினா குவாட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து இரண்டு முறை பந்தைப் பறித்தார். ஒன்று நேரடியாகவே டச்டவுன் ஆனது, மற்றது இன்னொரு டச்டவுனுக்கு வழி விட்டது. டென்வர் 24-10 என்று வென்றது; எம்விபி மில்லர்.

அந்த இரண்டு பறிப்பும் நடந்தது கரோலினாவின் வலது டேக்கிள் பக்கத்தில். வலக்கைக் குவாட்டர்பேக்குக்கு முதுகு இடது டேக்கிள் பக்கம் இருக்கும், அதனால் சிறந்த பாய்ச்சல்காரர் அந்தப் பக்கம்தான் வருவார் என்பது பழைய பாடம். இன்று அது பாதி உண்மைதான். 2021-ல் 22.5 சாக் எடுத்து, மைக்கேல் ஸ்ட்ரேஹனின் 2001 சாதனையைச் சமன் செய்த பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட், பெரும்பாலும் எதிரணியின் வலது டேக்கிளுக்கு எதிரேதான் நிற்பார்.

ஆறாம் படி: நிக்கல் வந்தால் மறுபடி முதலிலிருந்து

இங்கேதான் முதல் படியில் சொன்ன எண்ணிக்கை காலை வாரும். இன்றைய ஆட்டத்தில் பாதிக்கு மேல், பின்வரிசையில் நால்வருக்குப் பதில் ஐவர் நிற்கிறார்கள். அதுதான் ‘நிக்கல்’. அந்த ஐந்தாவது ஆளுக்கு இடம் கொடுக்க யாராவது வெளியே போக வேண்டும். 4-3 அணியில் போகிறவர் சாம். 3-4 அணியில் போகிறவர் நடுவில் நிற்கும் கனத்த ஆள்; அவுட்சைட் லைன்பேக்கர்கள் இருவரும் ஓரத்திலேயே இருந்துகொண்டு, எண்ட் ஆகிவிடுகிறார்கள், சிலர் கையையும் ஊன்றிக்கொள்கிறார்கள். ஆக இரண்டு அணியும் வேறு வேறு பெயரில் ஒரே மாதிரி நிற்கும்: முன்னால் நான்கு, நடுவில் இரண்டு, பின்னால் ஐந்து.

வான் மில்லரின் கதை இதனால்தான் குழப்பும். டென்வரில் தொடக்க ஆண்டுகளில் அவர் 4-3 அணியின் சாம். சாம் என்றால் டைட் எண்டோடு மல்லுக்கட்டுபவர் என்று மேலே சொன்னேனே, பின்னே எப்படி 2012-ல் 18.5 சாக்? முதல் டவுனில் சாம். பாஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும், கை ஊன்றி நிற்கும் எண்ட். ஒரே சட்டை, இரண்டு வேலை.

டல்லாஸ் 2021-ல் லைன்பேக்கர் என்று எடுத்த மைக்கா பார்சன்ஸும் அப்படித்தான். இரண்டாவது வாரத்திலேயே ஓரத்து ஆட்டக்காரருக்குக் காயம். இவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த சீசனில் 13 சாக். அதற்குப் பிறகு அவரை நடுவில் நிறுத்திவைக்க யாருக்கு மனம் வரும்?

ஏழாம் படி: ஒரு நோட்டும் பேனாவும்

சரி, இதையெல்லாம் எப்படிப் பழகுவது? ஒரு ஆட்டம் முழுக்க வேண்டாம், ஒரு கால்பகுதி போதும். ஒரே ஒரு அவுட்சைட் லைன்பேக்கரைத் தேர்ந்தெடுங்கள். நோட்டில் நான்கு கட்டம்: பாய்ந்தார், பின்வாங்கினார், ஆளோடு ஓடினார், ஓரத்தைக் காத்தார். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் ஒரு கோடு. அவர் களத்திலேயே இல்லை என்றால் ஓரத்தில் ஒரு புள்ளி. முதல் முறை பாதி ஸ்னாப்பைத் தவறவிடுவீர்கள். மறுஒளிபரப்பு இருந்தால் அதை வைத்துச் செய்யுங்கள். கோடுகள் பெரும்பாலும் முதல் கட்டத்தில் விழுந்தால் அவரை வாட், வேர், மில்லர் வரிசையில் வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது கட்டம் நிறைந்தால் புரூக்ஸ் வரிசை. புள்ளிகள் அதிகமாக இருந்தால் அவர் இந்தக் காலத்து சாம்; பாவம், அவரை யாரோடும் ஒப்பிடாதீர்கள்.

கடைசியாக ஒரு பயிற்சிக் கணக்கு. டாம்பாவில் 2012-லிருந்து ஆடிய லவான்டே டேவிட், 4-3-ல் பல ஆண்டுகள் அவுட்சைட் லைன்பேக்கர் என்றே எழுதப்பட்டார். 2019-ல் டாட் போல்ஸ் தடுப்பாட்டப் பயிற்சியாளராக வந்து 3-4-க்கு மாற்றினார். டேவிட் ஒரே நாளில் உள் லைன்பேக்கர் ஆனார். அவர் நின்ற இடமும் ஓடிய ஓட்டமும் பெரிதாக மாறவில்லை. அவுட்சைட் லைன்பேக்கர் என்ற பெயர், அந்த ஆண்டு டென்வரிலிருந்து வந்த ஷகீல் பேரட்டுக்குப் போனது. அவர் அந்த சீசனில் 19.5 சாக் எடுத்தார். இப்போது சொல்லுங்கள், டாம்பாவின் டெரிக் புரூக்ஸோடு ஒப்பிட வேண்டியவர் யார்? பட்டியலைப் பார்த்தால் பேரட். நோட்டைப் பார்த்தால் டேவிட்.